படம் திருத்த எந்த மானிட்டர்: கூர்மைக்கா, நிறத்துக்கா?

நான்கு வருடங்கள் ஒரு 27 அங்குல ஃபோர்கே (3840×2160 பிக்சல்) மானிட்டரில் படங்களைத் திருத்தினேன். போன வருடம் அதை மாற்றி பென்க்யூ எஸ்டபிள்யூ270சி வாங்கினேன். அளவு அதே 27 அங்குலம், ஆனால் 2560×1440 தான். தெளிவில் ஒரு படி கீழே இறங்குவானேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காரணம் காலிப்ரேஷன், அதாவது திரை காட்டும் நிறத்தைக் கருவியால் அளந்து சரிசெய்வது.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டுமே ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாத திரை வகை), அதில் பேச்சே இல்லை. விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிழல் பகுதிகளின் டோன் மாறிவிடும். படம் திருத்த அது ஒத்துவராது.

கூர்மையில் ஃபோர்கேதான் ஜெயிக்கிறது. அங்குலத்துக்கு 163 பிக்சல், புதியதில் 109. எழுத்துகளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் பிக்சல்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், நூறு சதவீதத்தில் பார்க்கும்போதும் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான இரைச்சல்) குறைவாகத் தெரிந்தது, ஷார்ப்னஸை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிடுவேன். இப்போது அந்தத் தவறு வருவதில்லை.

ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்ட முடியும் என்ற நிற வரம்பு அடுத்தது. பழைய மானிட்டர் எஸ்ஆர்ஜிபியோடு நின்றுவிடும். 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் அன்றைய குழாய்த் திரைகளை மனதில் வைத்து உருவாக்கிய வரம்பு அது. புதியது அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி வரம்பில் 99 சதவீதம் காட்டும். கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் பச்சையிலும் பச்சை கலந்த நீலத்திலும்தான். நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் அச்சிடக்கூடிய கடல் நிறங்கள் சில எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காது. அவற்றைத் திரையில் பார்க்காமலே திருத்திக்கொண்டிருந்தேன். உங்கள் படங்கள் போனிலும் இணையத்திலும் மட்டுமே போகின்றன என்றால் எஸ்ஆர்ஜிபி தாராளமாகப் போதும். அகன்ற வரம்பில் ஒரு தொல்லையும் உண்டு: நிற மேலாண்மை (படத்தின் நிறங்களைத் திரைக்கேற்ப மாற்றிக் காட்டுவது) தெரியாத மென்பொருளில் எல்லாம் அடிக்கிற நிறமாகத் தெரியும். அப்போது எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

சரி, காலிப்ரேஷனுக்கு வருவோம். கலரிமீட்டர் என்ற நிறமளக்கும் கருவியைத் திரையில் தொங்கவிட்டு அளக்கிறோம். அளந்தபின் அந்தத் திருத்தம் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் கேள்வி. சாதாரண மானிட்டரில் அது கிராபிக்ஸ் கார்டில் உட்காரும். கார்டு அனுப்பும் சிக்னலையே வளைத்துத்தான் நிறம் சரியாகிறது. 8 பிட் சிக்னலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். நீலம் தூக்கலாக இருக்கிறது என்று அதை இறக்கினால் சில படிகள் போய்விடும். மாலை வானத்தில் மெல்ல மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய மானிட்டரில் திருத்தம் மானிட்டருக்குள்ளேயே, 16 பிட் நுணுக்கத்தில், பதிவாகிறது. கார்டிலிருந்து வரும் சிக்னல் குறையாமல் வந்து சேர்கிறது.

இது கூட எனக்கு இரண்டாம்பட்சம். கார்டில் இருக்கும் திருத்தம் சத்தமில்லாமல் கழன்று போகும் என்பதுதான் என்னை மாற வைத்தது. ஒருமுறை டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு அப்படிக் கழன்றதைக் கவனிக்காமல் இரண்டு நாள் வேலை செய்தேன். திரை நீலமடித்ததால் எல்லா முகங்களுக்கும் வெம்மையைக் கூட்டியிருந்தேன். பிரிண்ட் வந்தபோது அத்தனை முகமும் மஞ்சள். நாற்பது படங்களை மறுபடி திருத்த வேண்டியிருந்தது.

அப்புறம், காலிப்ரேஷன் ஒருமுறை செய்து மறந்துவிடும் காரியம் இல்லை. பின்விளக்கு நாளாக ஆக மங்கும், வெள்ளையின் சாயலும் மாறும். மாதம் ஒருமுறை அளப்பது நல்லது. பழைய மானிட்டரில் பிரைட்னஸையும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் பட்டனை அமுக்கி அமுக்கி நானே சரிசெய்துவிட்டு, பிறகு அளக்க வேண்டும். அலுப்பில் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கிறேன். இப்போது அரை மணி நேரம் திரையைச் சூடாக விட்டு, வெள்ளைக்கு 6500 கெல்வின், காமா (நடுத்தர டோன்களின் வெளிச்சம்) 2.2, வெளிச்சம் 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்று கொடுத்துவிட்டால் போதும். மென்பொருள் யுஎஸ்பி வழியாக மானிட்டரிடம் பேசி மீதியை முடித்துவிடுகிறது. வேலை சுலபமானதால் ஒரு மாதமும் தவறவில்லை. வேறு கணினியில் இணைத்தாலும் திருத்தம் மானிட்டரோடு வருகிறது. திரையின் நிறத்தன்மையை மென்பொருளுக்குச் சொல்லும் புரொஃபைல் கோப்பை மட்டும் அந்தக் கணினியிலும் போட வேண்டும்.

ஐசோ (Eizo) நிறுவனத்தின் கலர்எட்ஜ் சிஜி மானிட்டர் வரிசையில் அளக்கும் சென்சாரே மானிட்டருக்குள் இருக்கிறது. அதில் நான் வேலை செய்ததில்லை, ஆனால் தொழிலாகச் செய்பவர்கள் அதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை? நண்பருடையதைச் சில நாள்கள் பயன்படுத்தியதோடு சரி. கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கிறது, இரவுப் படங்கள் மயக்குகின்றன. ஆனால் படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் ஓரப் பட்டைகள் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்பவை. அவை திரையில் தழும்பாகப் பதிந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. பிரிண்ட் எடுப்பவருக்கு இன்னொன்றும் உண்டு: காகிதத்தில் அவ்வளவு ஆழமான கறுப்பு வரவே வராது.

பிரிண்ட் இருட்டாக வருகிறதே என்பதற்காக மட்டும் மானிட்டரை மாற்ற நினைப்பவர்கள், திரை அதிக வெளிச்சமாக இருப்பதுதான் காரணமா என்று அறிய, முதலில் பிரைட்னஸை 100 நிட்ஸ் பக்கம் இறக்கி ஒரு படத்தைத் திருத்தி அச்சிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

என் பழைய ஃபோர்கே எங்கும் போகவில்லை. பக்கத்தில் இரண்டாவது திரையாக நிற்கிறது. படங்களைப் பொறுக்குவதும் ஃபோகஸ் சரிபார்ப்பதும் அதில், நிறத்தைத் தொடும் வேலை எல்லாம் இதில்.