முள்காட்டில் ஆறு குளிர்காலம்: பாப்கேட் வேட்டைக்கான ஒலிக்கருவி, என் அனுபவம்

தெற்கு டெக்சாஸில் ஹெப்ரன்வில் பக்கம் ஒரு பண்ணையில், உரிமையாளர் அனுமதியோடு பாப்கேட் என்ற குட்டை வால் காட்டுப்பூனை வேட்டைக்குப் போகிறேன். இரையின் அலறலைப் போட்டுப் பூனையை வரவழைக்கும், ரிமோட்டில் இயங்கும் ஒலிக்கருவியையும், பக்கத்தில் நட்டு வைக்கும், மோட்டாரில் ஆடும் இறகு பொம்மையையும் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காட்டைச் சொல்ல வேண்டும். அங்கே எங்கும் நிற்கும் மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. அதே முள், அதே அடர்த்தி. அடியில் சப்பாத்திக்கள்ளி. புதரை வெட்டி நேராகப் போட்ட பாதையைச் ‘சென்டெரோ’ என்பார்கள். பூனை அதைக் கடக்கும் சில நொடிகள்தான் நமக்குக் கிடைக்கும்.

வாயால் ஊதும் குழலில்தான் ஆரம்பித்தேன். கயோட்டி என்ற சிறு ஓநாய் வந்தது, பூனை வரவில்லை. கயோட்டி சத்தம் கேட்டதும் ஓடி வரும். கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். பாப்கேட் பதுங்கும், உட்காரும், பார்க்கும், பிறகுதான் நகரும். சத்தம் நின்றால் ஆர்வம் போய்விடும். நான் மூச்சு வாங்கிய இடைவெளியிலேயே எத்தனை திரும்பிப் போயினவோ! கருவி நிற்காமல் பாடும். பூனையின் கண்ணும் என் மேல் இல்லாமல், நூறடி தள்ளியிருக்கும் கருவி மேலேயே இருக்கும்.

முயல் அலறலைவிட, அடிபட்ட குருவியின் சத்தத்தைத் தணிவாக வைப்பதே எனக்குப் பலித்தது. ஒரு இடத்தில் 40 நிமிடமாவது உட்காருங்கள். மூன்றாம் வருஷம், எழுந்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் கள்ளிக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு அசைந்தது. பாப்கேட்டின் காதுக்குப் பின்புறம் கறுப்பாக, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். முழுப் பூனையும் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும், காது திரும்பும்வரை எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. விளம்பரத்தில் சொன்ன தூரத்தில் பாதிகூடப் புதருக்குள் ரிமோட் எட்டாது. இரண்டாம் வருஷம் பொம்மையின் மோட்டார் கீச்சிடத் தொடங்கியது. தூசியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், சரியாகிவிட்டது.

டெக்சாஸில் பாப்கேட்டுக்கு வேட்டைப் பருவக் கட்டுப்பாடு இல்லை, உரிமம் வேண்டும். தோலை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோக சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அட்டை வேண்டும்.

எனக்கு முக்கியமான விஷயம் வேறு. தெற்கு டெக்சாஸிலேயே ரேமண்ட்வில் வட்டாரத்தில் ஆசலாட் என்ற இன்னொரு காட்டுப்பூனை இருக்கிறது. அமெரிக்காவில் நூறுக்கு அருகில்தான் மிஞ்சியிருக்கும், சட்டம் பாதுகாக்கும் பூனை. இதே சத்தத்துக்கு அதுவும் வரலாம். பாப்கேட்டுக்குக் குட்டை வால், ஆசலாட்டுக்கு வளையமிட்ட நீள வால். வாலைப் பார்க்காமல் விசையில் விரல் வைக்கவே கூடாது. அங்கே ஒரு முறை ஒரு பூனையின் தலையும் தோளும் மட்டும் தெரிய, பத்து நிமிடம் துப்பாக்கியை இறக்கி வைத்தே காத்திருந்தேன். வால் தெரியாமலே அது புதருக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் நான் கருவியை வைப்பதே இல்லை.