சி.எல்.ஏ. கேப்சூல் சாப்பிட்டால் தொப்பை குறையுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எடை குறைக்க சி.எல்.ஏ. என்ற கொழுப்பு அமில கேப்சூல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், அதுவும் விழுங்குவதற்கு எளிதாக, எண்ணெய் நாற்றம் இல்லாமல் இருந்ததற்காக.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் 30 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினேன். எங்கள் ஜிம்மில் இந்தப் பேச்சுதான் ஓடுகிறது, கடையில் இருந்த தம்பியும் "அக்கா, மத்த இடம் அப்படியே இருக்கும், தொப்பை மட்டும் கரையும்" என்று அடித்துச் சொன்னார். மாத்திரை தனியாக என்ன செய்கிறது என்று தெரியவேண்டும் என்பதால் சாப்பாட்டையும் நடையையும் மாற்றாமல் சில மாதம் விடாமல் சாப்பிட்டேன். எடை அசையவில்லை, இடுப்பளவும் அப்படியே. ஆரம்பத்தில் வயிறு மட்டும் கொஞ்சம் இளகிப்போனது, பலருக்கு இப்படி ஆவதுண்டு, சாப்பாட்டோடு சேர்த்து எடுத்ததும் சரியாகிவிட்டது.

இது என்ன பொருள் என்று தெரிந்தால் ஏன் இப்படி என்பது புரியும். பால், நெய், மாட்டிறைச்சி என்று அசைபோடும் பிராணிகளின் கொழுப்பில் இயற்கையாகவே இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம், முழுப்பெயர் கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலம். ஆனால் கேப்சூலில் வருவது பெரும்பாலும் குசும்பப்பூ எண்ணெயை எடுத்து தொழிற்சாலையில் மாற்றிச் செய்தது. பாலில் இருப்பதில் பெரும்பகுதி ஒரே வகை. கேப்சூலில் அந்த வகையும் டிரான்ஸ்-10, சிஸ்-12 என்ற இன்னொரு வகையும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இருக்கும். சுண்டெலிகளின் கொழுப்பைக் குறைத்தது இந்த இன்னொரு வகைதான், விளம்பரமெல்லாம் அங்கிருந்துதான் பிறந்தது. அதனால் நெய் ஊற்றிச் சாப்பிட்டால் இடுப்பு மெலியும் என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்பவேண்டாம்.

மனிதர்களுக்கு எவ்வளவு குறைகிறது? 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2007இல் வந்தது. தினமும் 3.2 கிராம் எடுத்தவர்களுக்கு, சி.எல்.ஏ. இல்லாத வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வாரத்துக்கு சுமார் 90 கிராம் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. மாதத்துக்கு 400 கிராம்கூட வராது, அதுவும் ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் குறைந்துவிடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதைப் பரிசீலித்து, உடல் எடைக்கு உதவும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது.

லேபிளையும் கவனமாகப் படியுங்கள். முன்னால் பெரிதாக 1000 மில்லிகிராம் என்று போட்டிருக்கும், அது எண்ணெயின் அளவு. பின்னால் சின்ன எழுத்தில் பார்த்தால் அதில் சி.எல்.ஏ. 80 சதவீதம்தான், அதாவது 800 மில்லிகிராம். நான் வாங்கியதில் நாளுக்கு மூன்று என்று போட்டிருந்தது, கணக்குப் போட்டால் 2.4 கிராம். ஆய்வில் கொடுத்த அளவு வரவேண்டும் என்றால் நான்கு விழுங்கவேண்டும், பாட்டிலும் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது சர்க்கரை விஷயம். நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் எத்தனை? சுகாதார அமைச்சு 2016இல் அதற்கு எதிராகப் போரே அறிவித்தது. தொப்பையைக் குறைக்க ஆசைப்படுபவர்களும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். சுவீடனில் தொப்பை உள்ள ஆண்களுக்கு அந்த டிரான்ஸ்-10 வகையை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது, இன்சுலின் வேலை செய்வது இன்னும் மோசமானது என்று 2002இல் எழுதினார்கள். என் மச்சானுக்கு சர்க்கரை இருக்கிறது, அவர் கேட்டபோது தொடவே வேண்டாம் என்றேன். நீங்களும் பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். இங்கே இத்தகைய துணை உணவுகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை, பாதுகாப்பும் தரமும் இறக்குமதி செய்பவர், விற்பவர் பொறுப்பு. கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதால் பலன் உண்டு என்று யாரோ சோதித்துப் பார்த்துவிட்டதாக நினைக்கக்கூடாது.

அப்புறம், கேப்சூலின் மேலுறை ஜெலட்டின். பல பிராண்டுகளில் அது மாட்டிலிருந்து எடுத்தது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம் சாப்பிடுபவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் எல்லாரும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தக் கடையில் இதைக் கேட்டேன், யாருக்கும் பதில் தெரியவில்லை.

பக்கத்திலேயே மீன் எண்ணெய் கேப்சூலையும் எடை குறைய என்று காட்டுகிறார்கள். அதில் உள்ள ஒமேகா-3 கொழுப்பைப் போதிய அளவில் எடுத்தால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறையும், அது வேறு விஷயம், எடைக்கு அதை நம்பி வாங்கவேண்டாம். தேக்கா சந்தையில் மத்தியோ கானாங்கெளுத்தியோ வாங்கிக் குழம்பு வைத்தால் அதே ஒமேகா-3 கிடைக்கும், கூடவே புரதமும்.

இவ்வளவுக்குப் பிறகும் முயன்று பார்க்க ஆசை இருந்தால் இருப்பதிலேயே சின்ன பாட்டிலாக வாங்குங்கள். நான் வாங்கிய கடையில் திறந்த பாட்டிலைத் திரும்ப எடுப்பதில்லை.