ஈ-பைக்குக்குப் புதுப் பற்றரி, புதுக் கொன்ட்ரோலர்: விசுவமடுவில் 20 மாத ஓட்டம்

என் வீடு விசுவமடுவில், வேலை கிளிநொச்சி நகரில். ஏ-35 வீதியால் பரந்தனுக்கு வந்து ஏ-9 இல் தெற்கே திரும்பிப் போனால், போக வர நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். 2022 ஆடியில் கியூ.ஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அது வேலைக்குப் போய்வரவே சரி. ஆஸ்பத்திரி, சந்தை என்று வேறெங்கும் அசைய முடியாது. அப்போதுதான் கையில் இருந்த காசுக்குப் பழைய ஈ-பைக் ஒன்றை வாங்கினேன். வாகன இறக்குமதி 2020 இலிருந்தே நின்றுபோயிருந்ததால் புதியதைத் தேட வழியில்லை.

பின்சில்லின் குடத்துக்குள்ளேயே இருக்கும் 800 வாற் ஹப் மோட்டர், பற்றரியிலிருந்து மோட்டருக்குப் போகும் மின்னை அளந்து கொடுக்கும் 25 அம்பியர் கொன்ட்ரோலர், 12 வோல்ற் 20 அம்பியர் அவர் லீட் அசிட் பற்றரி நான்கு, தொடராக 48 வோல்ற். தார் வீதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட்டால் வீடு வந்து சேரலாம். சிக்கல் வந்ததெல்லாம் கடைசி இரண்டு கிலோமீற்றரில்தான். பிரதான வீதியிலிருந்து எங்கள் வளவு வரைக்கும் கிரவல், நடுவில் ஒரு துண்டு மணல், பிறகு வாய்க்கால் கட்டில் ஒரு சின்ன ஏற்றம். மாட்டுக்கு 50 கிலோ புண்ணாக்கு மூடையோடு அந்த ஏற்றத்தில் ஏறினால் மீற்றர் 42 வோல்ற்றுக்கு விழும், கொன்ட்ரோலர் கையை விரிக்கும். ஒன்றரை வருடத்தில் பற்றரி வீங்கி, மூடை இல்லாமலே தள்ளிக்கொண்டு போகவேண்டி வந்தது.

ஊரில் எல்லோரும் சொன்ன வழி, ஐந்தாவது பற்றரி ஒன்றைக் கூடப் பூட்டி 60 வோல்ற் ஆக்குவது. செய்யாதீர்கள். பக்கத்து வளவுத் தம்பி அதைத்தான் செய்தான். இரண்டு நாள் பறந்தது, மூன்றாம் நாள் டப்பென்று ஒரு சத்தம். கொன்ட்ரோலரைத் திறந்து பார்த்தோம். கப்பாசிற்றரின் தலையில் இருக்கும் சிலுவைக் கோடு பிளந்து, உள்ளிருந்த கடதாசி வெளியே தள்ளியிருந்தது. கெட்ட மீன் மாதிரி ஒரு வாடை. அது தாங்கும் உச்சம் என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது 63 வோல்ற். முழுதாகச் சார்ஜான ஐந்து பற்றரி சும்மா இருக்கும்போதே 65 வோல்ற் காட்டும். 48 வோல்ற் கொன்ட்ரோலர்களில் பெரும்பாலும் இந்த 63 வோல்ற் கப்பாசிற்றர்தான் இருக்கும்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எனக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். வோல்ற் கூடினால் வேகம் கூடும். இழுவையைத் தருவது அம்பியர். ஏ-35 இல் மணிக்கு 45 கிலோமீற்றர் எனக்குக் காணும். மணலில் மூடையோடு நிற்காமல் போனால் சரி. ஆகவே வோல்ற்றைத் தொடாமல் அம்பியரைக் கூட்டுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் பற்றரி. லித்தியம் இரும்புப் பொஸ்பேற் (LiFePO4) செல் 16 தொடராக இணைத்தது, 51.2 வோல்ற், 40 அம்பியர் அவர். கணக்குப்படி 2 யூனிற்றுக்குச் சற்று மேல். பழைய நான்கும் சேர்ந்து 27 கிலோ வரும். இது அதைவிட ஏழெட்டுக் கிலோ குறைவு, கொள்ளளவோ இரண்டு மடங்கு. கொன்ட்ரோலரை மாற்றாமலே பைக் வேறு பைக்காகிவிட்டது. காரணம் எளியது: பழைய கொன்ட்ரோலர் 25 அம்பியரையும் இழுத்தாலும் இந்தப் பற்றரி 50 வோல்ற்றுக்குக் கீழே போவது அரிது. கையில் காசு குறைவென்றால் பற்றரியோடு நிறுத்திவிடுங்கள். முன்னேற்றத்தில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும். பழைய சார்ஜரை மட்டும் இதற்குப் போடவேண்டாம். இந்தப் பற்றரிக்கு 58.4 வோல்ற்றில் நிற்கும் சார்ஜர் தனியாக வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, மோட்டருக்கு மின்னைச் சீரான அலையாகக் கொடுக்கும் 40 அம்பியர் சைன் வேவ் கொன்ட்ரோலர் பூட்டினேன். வயர் நிறங்களை நம்பாதீர்கள். மோட்டர் ஒரு நிறம் சொல்லும், கொன்ட்ரோலர் இன்னொன்று சொல்லும். ஸ்ராண்டில் நிறுத்திச் சில்லைத் தூக்கிவிட்டு, வயர் வரிசையைக் கொன்ட்ரோலர் தானாகப் படிப்பதற்கென்று அதில் விட்டிருக்கும் இரண்டு வெள்ளை வயரையும் சேர்த்தால் மோட்டர் மெதுவாகச் சுற்றத் தொடங்கும். எனக்குப் பின்பக்கமாகச் சுற்றியது. கழற்றித் திரும்பச் சேர்த்தேன், முன்னுக்குச் சுற்றியது, அவ்வளவுதான். பழையதில் கிளம்பும்போது வந்த உறுமல் இதில் இல்லை.

பிழை விட்டது பி.எம்.எஸ் விடயத்தில். அளவுக்கு மேல் மின் இழுத்தால் வெட்டிப் பற்றரியைக் காக்கும் பலகை அது. பற்றரிக்குள் இருந்தது 30 அம்பியர்தான், நான் கவனிக்கவில்லை. முதல் நாள் இரவு ஏழரைக்கு மூடையோடு மணலில் முறுக்கினேன். மோட்டர் மட்டுமல்ல, முன்லைற், பின்லைற் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. பின்னால் உழவு மெஷின் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் கண்டு நிறுத்தியதால் தப்பினேன். லைற்றும் அதே பற்றரியிலிருந்துதான் வருகிறது, பி.எம்.எஸ் வெட்டினால் எல்லாமே போய்விடும். மறுநாளே 60 அம்பியர் பி.எம்.எஸ் போட்டு, பற்றரி வாயில் பியூஸும் வைத்தேன். கொன்ட்ரோலர் கேட்பதைவிடப் பற்றரியால் கொடுக்கக்கூடியது எப்போதும் கூடவாக இருக்கவேண்டும். கொன்ட்ரோலர் வாங்க முதல் பி.எம்.எஸ் எத்தனை அம்பியர் என்று கேளுங்கள்.

கொன்ட்ரோலர் பூட்டும்போது பைக் திருத்தும் பாஸ் மோட்டர்த் தண்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, உது தாங்காது. நட்டு மட்டும் இந்த இழுவையைப் பிடிக்காது” என்றார். சொன்னது சரி. ஹப் மோட்டர் சில்லைச் சுற்றும் அதே பலத்தோடு தண்டை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். தண்டு வழுக்கினால் உள்ளே போகும் வயர்கள் எல்லாம் முறுகி அறுந்துவிடும். உழவு மெஷின் பெட்டி ஒட்டும் பட்டறையில் 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் தண்டின் தட்டையான பக்கத்துக்கு இறுக்கமாக ஓட்டை வெட்டி, இரண்டு பக்கமும் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பூட்டினோம். இன்றுவரை அசையவில்லை. பின் பிரேக் சப்பாத்தையும் அன்றே புதிதாக்கினோம்.

ஏழாம் மாதம் மோட்டர் கிளம்பும்போது உதறத் தொடங்கியது. மூடியைக் கழற்றினோம். செப்புச் சுற்றின் வார்னிஷ் சில இடங்களில் கறுத்திருந்தது. மோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹோல் சென்சர் மூன்றில் ஒன்று போய்விட்டது, அதன் மெல்லிய வயர்களின் தோல் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மோட்டர் பழைய 800 வாற் மோட்டர்தானே. 25 அம்பியரிலிருந்து 40 என்றால் 1.6 மடங்கு. ஆனால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும், இரண்டரை மடங்கு. மணலில் மெதுவாக ஊரும்போது சுற்றுக்குள் ஓடும் மின்னோட்டம் மீற்றர் காட்டுவதைவிடவும் அதிகம். மூன்று சென்சரையும் மாற்றி, சூடு தாங்கும் ரெஃப்லோன் தோல் போட்ட வயர் இழுத்து, கொன்ட்ரோலரை 32 அம்பியருக்குக் குறைத்தேன். அந்த 32 இலேயே மூடை ஏற்றத்தில் ஏறுகிறது. 40 எனக்குத் தேவையே இல்லாத ஒன்று. இப்போது வீடு வந்ததும் புறங்கையை மோட்டர் மூடியில் வைத்துப் பார்ப்பேன். வைத்த கையை எடுக்கவேண்டியிருந்தால் அடுத்த நாள் சுமையைக் குறைப்பேன்.

மாரியில் கொன்ட்ரோலருக்குள் தண்ணீர் போகவில்லை. வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றியிருப்பதால் மழைத்தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். வெயில் காலத்தில் வேப்பமர நிழலில்தான் நிறுத்துவேன். முழுச் சார்ஜோடு வெயிலில் விடமாட்டேன்.

18,000 கிலோமீற்றர் ஓடியாயிற்று. சாதாரண நாளில் கிலோமீற்றருக்கு 32 வாற் அவர் போகும். சோளகக் காற்றுக்கு எதிரே போகும் நாளில் 40 ஐத் தொடும். போன மாதம் முழுதாக இறக்கி அளந்தபோது 37 அம்பியர் அவர் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் இப்போது சார்ஜ் போடுவதில்லை. சோளக நாளில்கூட வீடு வரக் காணும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சக்தியைக் கூட்ட முதல் பதிவு, காப்புறுதி இரண்டைப் பற்றியும் உரிய இடத்தில் கேட்டுவிடுங்கள். நான் பூட்டிய பிறகுதான் கேட்டேன், முதலே கேட்டிருக்கவேண்டும்.

இப்போது மோட்டரின் இடது பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய இரைச்சல் வருகிறது. பெயரிங் என்று நினைக்கிறேன். வாற ஞாயிறு பாஸோடு சேர்ந்து திறந்து பார்க்க இருக்கிறோம்.