ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் கவரா, 40 சென்ட் மிசிசிப்பி கவரா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் கால கவர், அதாவது அப்ப தபால்ல போன லெட்டர் உறைங்க, சேக்கிறவங்க கையில கொஞ்சம் காசு சேந்ததும் முழிக்கிற கேள்வி இது. ரெண்டுமே அரிதுதான், விலையும் சும்மா இருக்காது.

ஆடம்ஸ் கவர் பாக்க அள்ளும். 1861 ஜூன் 1ல பிரிஞ்சு போன தெற்கத்தி மாநிலங்கள் தனி தபால் துறை ஆரம்பிச்சதும் வடக்கு-தெற்கு தபால் அறுந்து போச்சு, அந்த இடைவெளியில ஆடம்ஸ் மாதிரி தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிங்க தெற்கு நாஷ்வில்லுக்கும் வடக்கு லூயிவில்லுக்கும் நடுவுல லெட்டர் கொண்டு போனாங்க, வடக்க போற லெட்டர்னா லூயிவில்ல 3 சென்ட் ஸ்டாம்ப் அச்சடிச்ச அமெரிக்க கவர்ல ஏறிப் போகும். கம்பெனி முத்திரை, லூயிவில் போஸ்ட்மார்க்னு ஒரே கவர்ல எல்லாம் இருக்கும். ஆகஸ்ட் 26ல இதுவும் க்ளோஸ், மொத்தமே மூணு மாசம் கூட ஓடல.

40 சென்ட் கவர் அப்படி பளிச்சுனு இருக்காது. 1863 ஜூலைல ஆத்தங்கரைக் கோட்டை ஊரான விக்ஸ்பர்க் விழுந்ததும் மிசிசிப்பி ஆறு முழுக்க வடக்கு கைக்குப் போயிடுச்சு, டெக்சாஸ், ஆர்கன்சா எல்லாம் ஆத்துக்கு மேற்குப் பக்கம் தனியா மாட்டிக்கிச்சு. தெற்கோட போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ரீகன் கிழக்க மெரிடியன், மேற்க ஷ்ரீவ்போர்ட்னு ரெண்டு முனை வச்சு எக்ஸ்பிரஸ் ஆரம்பிச்சாரு. சாதா லெட்டருக்கு அரை அவுன்ஸ் 10 சென்ட்னா இதுக்கு 40. பீரங்கிப் படகுங்க கண்ணுல படாம ராத்திரியில ஆத்தைத் தாண்டணும்ல, சும்மாவா! மட்டமான பழுப்பு பேப்பர், சிலது யூஸ் பண்ண கவரையே உள்பக்கம் திருப்பி ஒட்டினது, மேல தெற்கோட ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸ் படம் போட்ட நாலு நீல 10 சென்ட் ஸ்டாம்பு, ஓரத்துல 'மெரிடியன் வழி'னு கையால எழுதின குறிப்பு. அந்த நாலு ஸ்டாம்பைப் பாத்தாலே போர் எப்படிப் போய்க்கிட்டிருந்துச்சுனு தெரியும், அதனால என் ஓட்டு இதுக்குத்தான்.

பட்ஜெட் கம்மின்னா ரெண்டு தரப்பும் வெள்ளைக்கொடி காட்டி எல்லை தாண்ட விட்ட போர்க்கைதிகள் லெட்டர்லேருந்து ஆரம்பிங்க, சென்சார் பண்ணவர் குறிப்போட அதுவும் அருமையான ஐட்டம்.

ஃபேக் பயம் ரெண்டுலயும் உண்டு. ஆடம்ஸ்ல கம்பெனி முத்திரை பின்னாடி குத்தினதான்னு பாக்கணும். 40 சென்ட்ல, சாதா 10 சென்ட் கவர்ல மூணு ஸ்டாம்பை ஒட்டி விட்டிருக்கலாம், அதனால போஸ்ட்மார்க் மை ஸ்டாம்புலேருந்து கவர் பேப்பர் வரைக்கும் உடையாம ஓடுதா, தேதி விக்ஸ்பர்க்குக்கு அப்புறமா, அனுப்பின ஊரும் போய்ச் சேந்த ஊரும் ஆத்தோட எதிரெதிர் கரையிலயா, மூணும் பொருந்தணும். அப்புறமும் ஸ்டாம்பு, கவர் அசலானு சோதிச்சுச் சொல்ற ஃபிலாட்டெலிக் ஃபவுண்டேஷன் மாதிரி இடத்து சர்டிபிகேட் இல்லாம பெரிய காசு போடாதீங்க.