வேகன் ஆருக்கு எந்த டயர்? படுவான்கரைக் கணக்கு

மச்சானின் ஜப்பான் வேகன் ஆரில் நாலு டயரும் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டன. மட்டக்களப்பு டவுனில் மாற்றப் போனால் மூன்று சைஸ் சொன்னார்கள். பழையபடியே 155/65 ஆர்14. ஒரு சுற்றுப் பெரிதாக 165/65 ஆர்14. இல்லையென்றால் ரிம்மோடு மாற்றி, வேகன் ஆரிலேயே ஸ்டிங்ரே டர்போ என்ற வகைக்கு வரும் 165/55 ஆர்15. மச்சானின் கண் போனது மூன்றாவதில்தான். பளபளக்கும் அலோய் ரிம், யாருக்குத்தான் ஆசை வராது?

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பெருக்கிப் பார்த்தால் பக்கச் சுவர் 155/65இல் ஏறக்குறைய 101 மி.மீ., 165/65இல் 107, பதினைந்து அங்குலத்தில் 91தான்.

அந்த 10 மி.மீ. குறைவு, கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையே மட்டும் ஓடுகிறவருக்குப் பெரிதாகத் தெரியாது. மச்சானுக்கு வயல் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலையும் கடந்து, கடைசியில் வாய்க்கால் ஓரக் கிறவல் பாதை. மாரியில் பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. சக்கரம் அதில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது டயருக்குள் இருக்கும் காற்று. சுவர் குட்டையாக இருந்தால் டயர் ரிம்மோடு நசுங்கும். உள்ளே நூல் அறுந்து பக்கத்தில் கொப்பளம் மாதிரிப் புடைக்கும், அல்லது ரிம் வளையும். பஞ்சர் என்றால் ஒட்டலாம். புடைத்த டயரை எறிய வேண்டியதுதான்.

அப்படியானால் 165/65? அதற்கும் நியாயம் உண்டு. சுவர் உயரமானது. சுமைக் குறியீடு வழமையாக 79, அதாவது ஒரு டயர் 437 கிலோ தாங்கும். 155/65இல் 75, 387 கிலோ. ஆனால் முழு விட்டம் 557இலிருந்து 570 மி.மீ. ஆகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102க்கு மேல் ஓடும். நிலத்திலிருந்து வண்டி உயர்வதோ ஆறரை மி.மீ. மட்டும். டயரின் பாரமும் கூடும், 660 சிசி எஞ்சினுக்கு அது இழுவைதான். நாலு பேரை ஏற்றி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசுமா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

இன்னொரு குழப்பம்: 'வேகன் ஆர் டயர்' என்று மட்டும் கேட்டால் இந்திய வேகன் ஆருக்கு வரும் 165/70 ஆர்14ஐ எடுத்துப் போட்டுவிடலாம். பெயர் ஒன்று, வண்டி வேறு. அந்த டயரின் விட்டம் 587 மி.மீ. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சைஸும் காற்றழுத்தமும் இருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

என் ஓட்டு 155/65 ஆர்14க்கு. எந்த சைஸ் எடுத்தாலும் சுவரில் அச்சிட்ட நாலு இலக்கத் திகதியைப் பாருங்கள்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். மச்சானுக்கு முதலில் மலிவாகக் காட்டிய செட்டில் 1819 என்று இருந்தது. அதை வைத்துவிட்டு, புதுத் திகதியில் அதே 155/65ஐ வாங்கினார். ரிம்முக்கு ஒதுக்கிய காசு உர மூட்டையாக வயலுக்குப் போய்விட்டது.