லைட் மெஜந்தா அடைப்பு: ஆறு கலர் போட்டோ பிரிண்டரோடு ஆறு வருடம்

போன வாரம் வியாசர்பாடியிலிருந்து நண்பன் போன் செய்தான். "மச்சான், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆறு கலர் டேங்க் பிரிண்டர் வருது. வாங்கி லோக்கல் இங்க் ஊத்தி ஓட்டலாமா?" அவன் கேட்ட அன்று காலையில்தான் என் பிரிண்டர் 3,400 ரூபாய் பில்லோடு சர்வீஸிலிருந்து திரும்பியிருந்தது. சுள்ளென்று ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டேன். அவன் கேட்டதில் தப்பில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன். இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கலாம்.

வட சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டில் சின்ன போட்டோ கடை வைத்திருக்கிறேன். என்னுடையதும் பாட்டிலிலிருந்து டேங்கில் இங்க் ஊற்றி ஓட்டும் ஆறு கலர் பிரிண்டர்தான், வாங்கியது 2019இல். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஸ்கூல் ஐடி, காதுகுத்து ஆல்பம், அப்புறம் இறந்தவர்களின் படம், இவைதான் வேலை. பிரிண்ட் தரத்தில் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. கறுத்த தோலில் வெயில் படும் இடமும் நிழல் விழும் இடமும் தனித்தனியாகத் தெரியும்படி அடிக்கும். நாலு கலர் மெஷினில் அந்த மென்மை எனக்குக் கிடைத்ததே இல்லை. அதற்குக் காரணம் கூடுதலாக இருக்கும் அந்த இரண்டு வெளிர் நிறங்கள்: லைட் சயான் (வெளிர் நீலம்), லைட் மெஜந்தா (வெளிர் ரோஸ்).

என் பிரச்சினையும் அந்த லைட் மெஜந்தாதான். முகத்தின் நிறத்துக்கு அதிகம் செலவாவது அதுதான். டேங்கில் முதலில் காலியாவதும் அதுதான், என் மெஷினில் முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான். ஒரு 4க்கு 6 ஷீட்டில் எட்டு பாஸ்போர்ட் போட்டோ போடுவேன். லைட் மெஜந்தாவில் நாலைந்து நாஸில் (இங்க் வெளிவரும் நுண்துளை) விட்டுப்போனால் வெள்ளைப் பின்னணியில் ஒன்றும் தெரியாது, நீலச் சட்டையிலும் கண்ணுக்குப் படாது. கன்னத்திலும் நெற்றியிலும் மட்டும் மெல்லிசாகக் கோடு விழும். எட்டு முகமும் வீண்.

நாஸில்கள் இருக்கும் பாகம்தான் ஹெட், பேப்பரின் மேல் ஓடி இங்கைத் தெளிப்பது அதுதான். என் மெஷினின் ஹெட் பீசோ வகை. மின்சாரம் பட்டால் வளையும் ஒரு துண்டு இங்கைத் தள்ளும். சூடாக்கித் தெறிக்கவைக்கும் வகையும் உண்டு. அதில் சில மாடல்களில் ஹெட் கேட்ரிட்ஜிலேயே (கழற்றி மாற்றும் இங்க் டப்பா) இருக்கும், கேட்ரிட்ஜ் மாற்றினால் ஹெட்டும் புதிது. நமக்கு அந்த வசதி இல்லை. ஹெட் போனால், எனக்குச் சொன்ன விலை புது மெஷினில் பாதிக்கு மேல். அதனால்தான் அடைப்பு என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

எல்லோரும் கடல் காற்றைக் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் அது சரியில்லை. ஈரக் காற்றில் இங்க் மெதுவாகத்தான் காயும். எனக்கு அடைப்பு வந்ததெல்லாம் வேலை இல்லாத நாட்களில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், இந்தப் பக்கம் கையில் காசு புழங்காது, ஃபிரேம் போட யாரும் வரமாட்டார்கள். நடுவில் அக்னி நட்சத்திரம் வேறு. ஷீட் கூரைக்குக் கீழே, நாள் முழுக்க ஓடும் ஃபேன் காற்றில், பிரிண்டர் சும்மா கிடக்கும். நாஸில் வாயில் இருக்கும் இங்கில் தண்ணீர் ஆவியாகிப் பிசினாகிவிடும். 2020 ஊரடங்கில் இதே கதை இன்னும் மோசமாக நடந்தது.

அதைவிட முக்கியமான காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருடம் ஆனது. ராத்திரி கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைப்பது அப்போது என் வழக்கம். பிரிண்டரின் சொந்த பட்டனில் அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் சரியாக உட்காரும். நடு வேலையில் மின்சாரத்தைப் பிடுங்கினால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்த வாயோடு நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பிடித்தபோது ஒரு ஷீட் பாதி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது. எங்கள் தெருவுக்குத் திரும்பி வர நாலு நாள். வந்ததும் நாஸில் செக் (எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் சோதனைப் பிரிண்ட்) எடுத்தால் லைட் மெஜந்தா வரிசையில் பாதி இல்லை. அதற்குப் பிறகு பிரிண்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினேன். அந்த ஒன்றை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

ரப்பர் மூடியையும் கவனிக்க வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் கரிய தூசியும் பேப்பர் நாரும் மூடியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். விளிம்பு சரியாகப் பதியாவிட்டால் மூடி இருந்தும் பயனில்லை. அடைப்பு எடுக்க மெஷினிலேயே இருக்கும் ஹெட் கிளீனிங்கைப் போடும்போது அடியிலிருந்து உறிஞ்சுகிற இழுப்பும் கிடைக்காது. மாதம் ஒருமுறை பஞ்சு குச்சியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து அந்த விளிம்பைத் துடைக்கிறேன். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்பார்களே, அந்தத் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதைத் தொடவே கூடாது.

எனக்குக் கோபம் வருவது ஹெட் கிளீனிங் விஷயத்தில்தான். அடைத்திருப்பது ஒரு நிறம். இந்த மெஷின் உறிஞ்சிக் கொட்டுவது ஆறு நிறத்தையும். காசு கொடுத்து வாங்கிய இங்க் எல்லாம் அடியில் இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். அதற்கு ஒரு கணக்கு ஓடும். கணக்கு நிரம்பினால் மெஷின் நின்றுவிடும். எனக்குப் போன மாதம் அப்படித்தான் நின்றது, பள்ளிச் சேர்க்கைக்காக ஆட்கள் வரிசையில் நிற்கும்போது. பஞ்சை நாமே மாற்றும் மாதிரி பெட்டியாக வைக்கும் மாடல்கள் இப்போது வந்துவிட்டன. என்னுடையதில் இல்லை. 3,400 ரூபாயில் பெரும்பங்கு அந்தப் பஞ்சை மாற்றத்தான்.

இப்போது நான் கிளீனிங்கை அடுத்தடுத்துப் போடுவதில்லை. இரண்டு, மிஞ்சினால் மூன்று. வரவில்லையென்றால் பட்டனில் அணைத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். காய்ந்தது ஊறும், குழாயில் இருக்கும் காற்றுக் குமிழி அடங்கும். காலையில் பாதிக்கு மேல் தானாக வந்துவிடுகிறது. வேலை இல்லாத நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை அடிக்கிறேன். அடர் நிறம் கொடுத்தால் மெஷின் சாதா மெஜந்தாவை எடுத்துக்கொள்ளும். குழந்தை கன்னம் மாதிரி வெளிர் ரோஸ் கொடுத்தால்தான் லைட் மெஜந்தா ஓடும். யூடியூப் பார்த்து சிரிஞ்சால் ஹெட்டுக்குள் அழுத்தித் தண்ணீர் ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஒட்டு பிய்ந்தால் ஹெட்டே போய்விடும்.

சரி, லோக்கல் இங்க். ஒரிஜினல் 70 மி.லி. பாட்டிலின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு 100 மி.லி. கிடைத்தது. ஆசைப்பட்டேன். டேங்கில் மிச்சமிருந்த ஒரிஜினலின் மேலேயே ஊற்றினேன். அது டையா பிக்மென்ட்டா என்றுகூடப் பாட்டிலில் எழுதவில்லை. டை தண்ணீரில் கரைந்திருக்கும் நிறம், பிக்மென்ட் மிதக்கும் துகள். இரண்டும் கலந்தால் திரிந்துபோகலாம். மூன்றே வாரத்தில் லைட் மெஜந்தா டேங்கின் அடியில் சளி மாதிரி ஒரு படலம் படிந்தது. மாற்றத்தான் வேண்டும் என்றால் டையுக்கு டை மட்டும். டேங்கைக் கீழ்க்கோடு வரை ஓட்டிவிட்டு மிச்சத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அப்புறம் புதியதை ஊற்ற வேண்டும். கோட்டுக்குக் கீழே போன பிறகும் பிரிண்ட் ஓட்டினால் குழாயில் காற்று ஏறும். நிறமும் மாறும், புது இங்குக்குத் தனியாக புரொஃபைல் (நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) போடாவிட்டால் முகம் எல்லாம் சிவந்து நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு லோக்கலிலேயே நல்ல கம்பெனி டை இங்க் ஒன்று எனக்கு அமைந்தது. ஒரு வருடம் அடைப்பே இல்லை. அந்த ஒரு வருடத்தில்தான் மீன் மார்க்கெட்டில் கடை போடும் ஒரு அக்கா, இறந்துபோன கணவரின் படத்தை ஏ4 அளவில் போட்டு வாங்கிப் போனார். வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார். எட்டு மாதம் கழித்துப் படத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "தம்பி, அவரு முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?" மெஜந்தா வெளுத்து முகம் பச்சை பாய்ந்திருந்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரிஜினல் இங்க் ஊற்றி மறுபடி அடித்து, கண்ணாடி ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அது இரண்டு வருடமாக அதே சுவரில் நிறம் மாறாமல் இருக்கிறது.

அதனால் நண்பா, நாலு மாதம் பர்ஸில் இருக்கும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நல்ல லோக்கல் டை இங்க் போதும். சுவரில் மாட்டும் முகத்துக்கு வேண்டாம். ஒரே மெஷினில் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்ற முடியாது, எனவே நான் ஒரிஜினலோடு நிறுத்திக்கொண்டேன்.

மெஷினை வாங்கலாமா என்று கேட்டாய். பிரிண்ட் தரத்தைப் பற்றி அவ்வளவு நல்லது சொல்லியும், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். உன் கடையில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் போட்டோ வேலை. மீதி நாள் அது காய்ந்துகொண்டேதான் இருக்கும். மனசு கேட்காமல் பார்க்கப் போனால் கையோடு ஒரு நாஸில் செக் எடுக்கச் சொல். விற்பவன் முதல் நாளே கிளீனிங் போட்டு வைத்திருப்பான், அதனால் அணைத்து வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் போய் இன்னொன்று எடு. லைட் மெஜந்தாவில் ஒரு கோடு விட்டிருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.