சுண்ணாம்பும் நாட்டு ஓடும்: பழுதுபார்த்த கிராமத்து வீட்டில் எட்டு ஆண்டுகள்

ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில், தாத்தா காலத்து வீட்டை இடிக்காமல் பழுதுபார்த்து, 2017 தை மாதத்தில் குடிபுகுந்தோம். எட்டு ஆண்டுகள் இங்கே மழையும் வெயிலும் ஒரு பெரும் புயலும் கண்ட பிறகு இதை எழுதுகிறேன். வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் முழுக்க முழுக்கப் புகழ்ச்சியாக இருந்திருக்கும். புதுச் சுண்ணாம்பு பூசிய சுவரைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்லத் தோன்றாது. எங்கே சரியாகச் செய்தோம், எங்கே அவசரப்பட்டோம் என்பதைச் சுவர்கள் பின்னாளில்தான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தன.

வீட்டின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்கட்டு, தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்டு இறுக்கிய கட்டைக்குத்துத் தளம். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். பின்கட்டு, முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரமும் அறைகளும். சுவர்கள் ஒன்றரை அடி கனம். தரையிலிருந்து மூன்றடி வரை எங்கள் பக்கத்துச் செம்புராங்கல், அதற்கு மேல் நாட்டுச் செங்கல்; இரண்டையும் மண்சாந்தில் கட்டி, இருபுறமும் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். கடைக்கால் மட்டத்தில் ஓதத்தை, அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை, தடுக்கும் படலம் எதுவும் இல்லை. பின்னால் சொல்லப்போகும் பெரும்பாலான தொல்லைகளுக்கு இந்த ஒரு செய்தியை நாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளாததே காரணம்.

வேலையை எடுத்துச் செய்தவர் அப்போதே எழுபதைத் தாண்டிய ஒரு பெரிய கொத்தனார். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவரையும் அவருடைய மைத்துனரையும் விட்டால் யாரும் இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்து இறங்கியதும் தோட்டத்தில் குழி வெட்டித் தண்ணீர் விட்டு அதைத் தாளிக்கச் செய்தார், அதாவது நீற வைத்தார். கொதித்து அடங்கிய சுண்ணாம்பின் மேல் நான்கு விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், குறைந்தது மூன்று வாரம் அப்படியே கிடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்னொரு தொட்டியில் நசுக்கிய கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்துக்கொண்டிருந்தன. அந்த வாசனைக்கு ஊர் எறும்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

முன்கட்டுச் சுவர்களுக்கு அவர் சொன்னபடியே காத்திருந்தோம். அதற்குள் பருவமழை நெருங்கிவிட்டதால், பின்னறைக்கு மட்டும் புதிதாகத் தாளித்த சுண்ணாம்பை நான்காம் நாளே எடுக்கச் சொல்லி வற்புறுத்தினேன். "தம்பி, சூடு ஆறிப்போச்சுன்னு நெனைக்காதீங்க, உள்ளுக்குள்ள இன்னும் வெந்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்றார். நான் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த அறைச் சுவரில் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் விழத் தொடங்கின. ஒவ்வொரு குழியின் அடியிலும் மிளகளவு வெள்ளைப் பொடி இருந்தது. முழுவதும் நீறாத சுண்ணாம்புத் துணுக்கு, காற்றின் ஈரத்தை மெல்ல வாங்கி, உப்பி, மேலிருந்த பூச்சைத் தள்ளிவிட்டிருக்கிறது. இரவில் சில சமயம் பூச்சு தெறித்து விழும் சத்தம்கூடக் கேட்கும். இரண்டு ஆண்டுகளில் அது தானாக அடங்கியது. குழிகள் இன்னும் இருக்கின்றன. அதே கொத்தனார், அதே மணல், அதே கடுக்காய்த் தண்ணீர் கொண்டு பூசிய முன்கட்டில் இன்றுவரை ஒரு குழி இல்லை.

இதைவிடப் பெரிய தவறு குளியலறையை ஒட்டிய சுவரில் நடந்தது. தண்ணீர் படும் இடம் என்பதால் அங்கே சிமெண்ட் பூச்சுதான் தாங்கும் என்று நகரத்திலிருந்து வந்த ஒப்பந்ததாரர் உறுதியாகச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. குளியலறையின் உட்புறத்தோடு நில்லாமல் அதே சுவரின் மறுபுறத்திலும், அதாவது படுக்கையறைப் பக்கத்திலும், நான்கடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினோம். இரண்டாவது மழைக்காலத்தில் அந்த நான்கடிக்கு மேலே, சுண்ணாம்புப் பூச்சு தொடங்கும் இடத்தில், சுவர் உப்பு பூத்து உதிர ஆரம்பித்தது. பழைய சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சுவது எப்போதும் நடப்பதுதான். சுண்ணாம்புப் பூச்சு அதை வழியெல்லாம் காற்றில் விட்டுவிடும், அதனால் ஈரம் ஓரடிக்கு மேல் ஏறுவதில்லை. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால், ஈரம் போக்கிடம் தேடி மேலே மேலே ஏறி, முதலில் கிடைத்த சுண்ணாம்பில் வெளியேறி, தன்னோடு கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுச் சென்றது. 2020 கோடையில் படுக்கையறைப் பக்கச் சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைப் பங்குனி முதல் ஆனி வரை பூசாமல் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். ஊரடங்கு நாட்களில் செங்கல் தெரிய நின்ற அந்தச் சுவருக்கு அருகில்தான் படுத்திருந்தோம். அதன்பின் ஓதம் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை.

எமல்ஷன் பெயிண்ட் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். கூடத்தின் ஒரு சுவரில் அடித்துப் பார்த்தோம். மூன்றாம் ஆண்டில் பால் ஆடை போல உரிந்து வந்தது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு முன்பு, நீலம் சிறிது கலந்து மூன்று கை வெள்ளையடிப்பதோடு சரி. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். விருந்தினர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஓட்டுக்கூரைக்கு வருகிறேன். நாட்டு ஓடு புதிதாகச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர்களில் இடிபட்ட வீடுகளிலிருந்து பழைய ஓடுகளைச் சேர்த்தோம். விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிப்பதை எடுத்து, மொத்தென்று ஒலிப்பதைக் கழித்தோம். கைமரங்களில் பெரும்பாலானவை வைரம் பாய்ந்த பனை. தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் கரையான் தொடாமல் இருந்தன. மாற்ற வேண்டியிருந்தவை சுவரில் செருகியிருந்த முனைகள் இற்றுப்போன பதினொன்று மட்டுமே. அந்த நாளில் பனைக்கட்டை வாங்குவது எளிதாக இருந்தது. 2021 வேளாண்மை நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டதால், இப்போது வேலை தொடங்குகிறவர்கள் இடிபட்ட வீடுகளின் கட்டைகளையே நம்ப வேண்டும். பனைக்கு நல்லது என்பதால் எனக்கு இதில் வருத்தமில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியது. எங்கள் பகுதியில் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்ததைப் பலரும் அறிவார்கள். வடகிழக்குச் சரிவில் மூன்றில் ஒரு பங்கு ஓடு பறந்துவிட்டது. மழைத்தண்ணீர் தாழ்வாரத்தில் கணுக்கால் அளவு நின்றது. இரண்டு வீடு தள்ளித் தகரக்கூரை போட்டிருந்தவர்களுக்குக் கூரை முழுதாகப் போய்விட்டது. எங்களுக்கு மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது, தோட்டத்தில் அடுக்கி வைத்திருந்த உபரி ஓடு இரண்டாயிரமும் இருந்தது. மின்சாரம் வருவதற்கு முன்பே, நான்கே நாளில், கூரையை மூடிவிட்டோம். சுண்ணாம்பில் பிடித்திருந்த முகட்டு வரிசை ஓடுகளில் ஒன்றுகூட அசையவில்லை. ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் வீடு முடிந்ததும் மிஞ்சிய ஓட்டை விற்றுவிடக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன்.

புயலைவிட ஓயாத தொல்லை குரங்கு. ஓட்டின் மேல் ஒரு கூட்டம் ஓடினால் இருபது ஓடாவது உடையும். ஆண்டுதோறும் ஆவணியில் ஓட்டைப் பிரித்து, தூசி தட்டி, உடைந்ததை மாற்றி அடுக்குகிறோம். இரண்டு ஆளுக்கு ஐந்து நாள் வேலை. அதைத் தவறவிட்ட 2022இல் ஐப்பசி மழைக்கு மூன்று இடத்தில் பாத்திரம் வைத்தோம். மேலிருந்து தூசியும் அணில் கொண்டுவந்த நாரும் சாப்பாட்டில் விழாமலிருக்க, சாப்பிடும் அறையிலும் படுக்கையறையிலும் ரீப்பர் சட்டங்களின் மேல் தட்டோடு எனப்படும் தட்டையான ஓட்டைப் பரப்பி அதற்கு மேல் நாட்டு ஓடு வைத்தோம். செலவு கூடினாலும் இதை மட்டும் எல்லோரிடமும் வலியுறுத்துவேன்.

முன்கட்டுத் தளத்தில் முன்பு யாரோ ஒழுகலை நிறுத்துவதற்காகச் சிமெண்ட் போட்டு மூடி, அது பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதை அகற்றி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நான்கு அங்குலம் பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்தபடியே மரக்கட்டையால் அடித்தார்கள். எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டே ஆறு நாள் அடித்தார்கள். முதல் நாள் கட்டை சேற்றில் விழுவது போலச் சத்தம் வந்தது. ஆறாம் நாள் கட்டை துள்ளி மீண்டது, தளம் ஒலித்தது. "இனி அடிச்சா கைதான் வலிக்கும்" என்று சொல்லி, அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். அதன்மேல் தட்டோடு பதித்தோம். 2021 பெருமழையில் மட்டும் கைப்பிடிச்சுவர் மூலையில் கசிவு வந்தது. காரணம் அங்கே முளைத்து வேர்விட்டிருந்த ஓர் அரசங்கன்று. சுண்ணாம்புக் கட்டடத்துக்கு அரசும் ஆலும் பரம விரோதிகள். இரண்டு இலை விட்டபோதே பிடுங்கினால் போதும். விட்டுவிட்டால் சுவரைப் பிரிக்காமல் வேரை எடுக்க முடியாது.

கூடத்துத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் நிறச்சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துகிற கல் இது. அதன் பளபளப்பு நடந்து நடந்து வருவது. முதல் ஆண்டைவிட இப்போதுதான் அழகாக இருக்கிறது. வேலை முடிந்ததும் பூச்சுக்கறை போக்க ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவிய மூலை மட்டும் வெளுத்துப்போய், எட்டு ஆண்டாகியும் நிறம் மீளவில்லை. தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மாதம் ஒரு முறை துடைப்பதைத் தவிர அந்தத் தரை வேறெதுவும் கேட்பதில்லை.

பின்பக்கச் சமையலறை புதிதாகக் கட்டியது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறையில், செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினோம். செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம். அடுப்பங்கரைக்குரிய வெக்கை பெரிதும் குறைவு. ஆனால் அலமாரி மாட்ட ஆணி அடித்தால் வெற்றிடத்தில் இறங்கிவிடுகிறது. எங்கே எதை மாட்டப்போகிறோம் என்று கட்டும்போதே முடிவுசெய்து, அந்த இடத்தை நிரப்பிவிட வேண்டும். நாங்கள் செய்யவில்லை. இன்னமும் தரையில் நிற்கும் அலமாரிதான்.

குளிர்ச்சியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெப்பமானி வைத்துப் பார்த்திருக்கிறேன்: சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே 39 டிகிரி என்றால் கூடத்தில் 33. இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. பகலில் வாங்கிய வெப்பத்தைக் கனமான சுவர் இரவில்தான் விடுகிறது. இரவு பத்து மணிக்கு வாசல் திண்ணை உள்ளறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் சன்னல்களையும் முற்றத்துக் கதவையும் திறந்துவிட்டால் பன்னிரண்டு மணிக்குள் சரியாகிவிடும். முன்னோர்கள் திண்ணையில் படுத்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது.

செலவு அந்த நாளில் சதுர அடிக்கு ஏறத்தாழ 1,700 ரூபாய் ஆனது. பொருளுக்கு ஆனதைவிடக் கூலிக்கு ஆனது அதிகம். வங்கிக்கடன் கிடைக்கவில்லை, மதிப்பீட்டுக்கு வந்தவர் "மண்சாந்து, ஓட்டு வீடு" என்று எழுதிக்கொண்டு திண்ணையில் மோர் குடித்துவிட்டுப் போனார். பராமரிப்புக்கு ஆண்டுக்குப் பதினைந்திலிருந்து இருபதாயிரம் வரை ஆகிறது. ஆண்டில் பத்து நாளாவது வீட்டுக்காக ஒதுக்க முடியாதவர்களும், பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கப்போகிறவர்களும் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆள்தான் இப்போது பெரிய கவலை. பெரிய கொத்தனாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது; மகன் சிங்கப்பூரில் டைல்ஸ் ஒட்டுகிறார். கடந்த கார்த்திகையில் மேற்குச் சுவரில் ஒரு முழ அளவு பூச்சு கழன்றபோது, பெரியவரைக் கட்டிலோடு தாழ்வாரத்தில் உட்கார வைத்து, சிமெண்ட் வேலை மட்டுமே தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு பூசினோம். சாந்தை உள்ளங்கையில் வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தே "இன்னும் அரைக்கணும்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். மணியாசுக் கட்டையால் ஒரே தேய்ப்பில் முடிக்கப் பழகிய அந்த இளைஞருக்கு, மூன்று நாள் திரும்பத் திரும்ப வந்து அதே சுவரைத் தேய்ப்பது முதலில் கேலியாகப் பட்டது. வருகிற சித்திரையில் பின்னறைப் பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி செய்யவிருக்கிறோம்; வேலைக்கு அவரையே சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்பு மாசியிலேயே குழியில் இறங்கிவிடும்.